ஒரு சக்கரம் மட்டும் சுற்றுவது ஏன்? டிராக் ரேஸுக்காக காரின் டிஃப்பரன்ஷியலை மாற்றலாமா? - முழு விளக்கம்

பச்சை விளக்கு எரிகிறது. ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறார் ஓட்டுநர். இன்ஜின் அலறுகிறது, புகை கிளம்புகிறது, ரப்பர் வாடை மூக்கைத் துளைக்கிறது. ஆனால், கார் நகர்ந்தது என்னவோ பத்தடிதான். பக்கத்து லேனில் நின்ற கார் அதற்குள் பாதி தூரம் போய்விட்டது. இறங்கி வந்து பார்த்தால், தரையில் ஒரே ஒரு கறுப்புக் கோடு.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் மெக்கானிக் ஷெட்டுகளில் இதற்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். "டிஃப்ப மாத்திடு தம்பி, ரெண்டு வீலும் புடிக்கும்." சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், "எதுக்கு மாத்தணும், உள்ள வெல்ட் அடிச்சிட்டா வேலை முடிஞ்சுது" என்பார்கள்.

இது உண்மையா? டிஃப்பரன்ஷியலை மாற்றினால் கார் வேகமாகக் கிளம்புமா? யாருக்கு இது தேவை, யாருக்கு வீண் செலவு? அந்த வண்டியைச் சாலையில் ஓட்டலாமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

டிஃப்பரன்ஷியல் என்றால் என்ன?

கார் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம் ஓடினால் போதும். இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 1.5 மீட்டர் அகலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிக்னலில் 90 டிகிரி திரும்பினால், வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட சுமார் 2.36 மீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும். வளைவு சின்னதோ பெரியதோ, இந்த வித்தியாசம் மாறாது.

இரண்டு சக்கரங்களையும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கிவிட்டால் இது நடக்காது. ஏதாவது ஒரு டயர் தரையில் தேய்ந்துகொண்டேதான் வரும். இந்தச் சிக்கலைத் தீர்க்கும் பல்சக்கர அமைப்புதான் டிஃப்பரன்ஷியல். இன்ஜினில் இருந்து வரும் சக்தியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும். அதே சமயம் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவும் விடும். 1820-களின் இறுதியிலேயே பிரான்ஸைச் சேர்ந்த ஒனேசிஃபோர் பெக்கர் என்பவர் நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார்.

பின் சக்கர இயக்க வண்டிகளில் இது பின் ஆக்ஸிலின் நடுவே உருண்டையாகத் தெரியும் ஹவுசிங்குக்குள் இருக்கும். அம்பாசடர், கான்டெஸா, பிரீமியர் பத்மினி, ஆம்னி, பொலிரோ எல்லாம் இந்த ரகம். இன்று ஓடும் பெரும்பாலான ஹேட்ச்பேக், செடான் கார்கள் முன் சக்கர இயக்கம். அவற்றில் டிஃப்பரன்ஷியல் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கும்.

அப்படியென்றால் பிரச்னை எங்கே?

சாதாரண கார்களில் இருப்பது 'ஓப்பன் டிஃப்பரன்ஷியல்'. இது இரண்டு சக்கரங்களுக்கும் எப்போதும் சமமான முறுக்கு விசையைத்தான், அதாவது டார்க்கைத்தான், கொடுக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், இதிலேயே ஒரு வில்லங்கம் ஒளிந்திருக்கிறது.

ஒரு உதாரணம். வலது சக்கரம் நல்ல தார்ச்சாலையில் நிற்கிறது. அது வழுக்காமல் 900 நியூட்டன் மீட்டர் டார்க் வரை தாங்கும். இடது சக்கரம் மணலில் நிற்கிறது. அது 200 வரைதான் தாங்கும். ஓப்பன் டிஃப்பரன்ஷியல் சமமாகத்தான் கொடுக்கும் என்பதால், இடது சக்கரம் 200-ல் வழுக்கத் தொடங்கியதும் வலது சக்கரத்துக்கும் அதே 200-தான். மொத்தம் 400. வலது பக்கம் இருந்த மீதி 700 நியூட்டன் மீட்டர் பிடிமானம் சும்மா கிடக்கிறது.

மழைக்காலத்தில் சேற்றில் மாட்டிய லாரியைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கச் சக்கரம் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சுற்றும், மறுபக்கம் அசையாமல் நிற்கும். அதே கதைதான் டிராக் ரேஸ் தொடக்கக் கோட்டிலும்.

சமமான தரையிலும் ஒரு சக்கரம் வழுக்குவது ஏன்?

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தரை என்றால் இரண்டு டயரும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும்தானே? நியாயமான கேள்வி.

அம்பாசடர் போன்ற பின் சக்கர இயக்க வண்டிகளில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சுழலும்போது, பின் ஆக்ஸில் ஹவுசிங்கையும் சேர்த்து முறுக்கப் பார்க்கும். பெரும்பாலான இன்ஜின்கள் சுழலும் திசையில், இது வலது பின் சக்கரத்தின் மீதான பாரத்தைக் குறைத்துவிடும். பாரம் குறைந்த டயர் முதலில் வழுக்கும். பழைய கார்கள் வேகமாகக் கிளம்பும்போது வலது பக்கம் மட்டும் புகை வருவதற்கு இதுதான் காரணம்.

முன் சக்கர இயக்க கார்களில் வேறு பிரச்னை. கார் சீறிக் கிளம்பும்போது எடை பின்பக்கம் சாயும். 1,000 கிலோ எடை, 2.45 மீட்டர் வீல்பேஸ், அதன் ஈர்ப்பு மையம் தரையில் இருந்து 55 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி அளவுக்கு அந்த கார் முடுக்கம் பெற்றால், சுமார் 112 கிலோ முன்னாலிருந்து பின்னால் போய்விடும். முன் சக்கரங்கள் மேல் 600 கிலோ இருந்த இடத்தில் 488 கிலோதான் மிச்சம். இழுக்க வேண்டிய சக்கரத்திலேயே பாரம் குறைகிறது. எந்த டிஃப்பரன்ஷியலைப் போட்டாலும் இந்த இழப்பை ஈடுகட்ட முடியாது.

என்னென்ன வகைகள் இருக்கின்றன?

'டிஃப் அப்கிரேட்' என்ற ஒரே பெயரில் நான்கைந்து வெவ்வேறு விஷயங்களைச் சொல்கிறார்கள். குழப்பம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

பிளேட் வகை எல்.எஸ்.டி: 'லிமிடெட் ஸ்லிப் டிஃப்பரன்ஷியல்' என்பதன் சுருக்கம் இது. உள்ளே கிளட்ச் போன்ற தட்டுகள் இருக்கும். ஒரு சக்கரம் தனியாகச் சுற்றப் பார்த்தால், இந்தத் தட்டுகள் இறுகி மற்ற சக்கரத்துக்கும் விசையைக் கடத்தும். பந்தயங்களில் அதிகம் பயன்படுவது. தட்டுகள் தேயும், அவ்வப்போது பிரித்து மாற்ற வேண்டும்.

ஹெலிக்கல் கியர் வகை: தட்டுகளுக்குப் பதில் சாய்வான பல்சக்கரங்கள். 1958-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற டார்சென் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. சத்தமில்லாமல் வேலை செய்யும், தேய்மானம் குறைவு. குறைவாகப் பிடிக்கும் சக்கரம் தாங்கும் டார்க்கைப்போல சில மடங்கை மற்ற சக்கரத்துக்கு அனுப்பும். மேலே சொன்ன கணக்கில், இந்த விகிதம் 2.5 என்றால் மணலில் 200, தாரில் 500, மொத்தம் 700. ஆனால், ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால்? பூஜ்யத்தை எத்தனையால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். இதன் பலவீனம் அது.

லாக்கர்: தேவைப்படும்போது இரண்டு சக்கரங்களையும் முழுதாகப் பூட்டிவிடும். 2020 அக்டோபரில் வந்த புதிய மஹிந்திரா தாரில் சில வேரியன்ட்களில் பின்பக்கம் மெக்கானிக்கல் லாக்கிங் டிஃப்பரன்ஷியல் இருக்கிறது. ஃபோர்ஸ் கூர்க்காவில் முன், பின் இரண்டிலும் லாக் உண்டு. ஆனால், இவை சேறு, பாறை, மணலில் மெதுவாக மீண்டு வருவதற்கானவை. டிராக் ரேஸுக்கான பொருள் அல்ல.

ஸ்பூல்: இதில் டிஃப்பரன்ஷியலே கிடையாது. இரண்டு சக்கரமும் நிரந்தரமாக ஒன்றாகவே சுற்றும். நேர்கோட்டில் மட்டும் ஓடும் முழுநேர டிராக் கார்களுக்கு இது எளிய, உறுதியான தீர்வு.

வெல்ட் அடிப்பது: ஓப்பன் டிஃப்பரன்ஷியலின் உள் பல்சக்கரங்களை வெல்ட் செய்து ஒட்டிவிடுவது. ஏழைகளின் ஸ்பூல் என்று சொல்லலாம். ஆனால், ஸ்பூலின் உறுதி இதில் இருக்காது. பல்சக்கரங்கள் கடினப்படுத்தப்பட்ட எஃகு. வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் கெட்டு, விரிசல் விட வாய்ப்பு அதிகம். உடைந்த துண்டு ஒன்று கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே சிக்கினால், ஓடுகிற வேகத்திலேயே பின் சக்கரங்கள் இறுகி நின்றுவிடும்.

கிரவுன்-பினியன் ரேஷியோ மாற்றுவதும் இதுதானா?

இல்லை. இதைத்தான் பலரும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். கிரவுன், பினியன் பற்களின் எண்ணிக்கையை மாற்றினால் சக்கரத்துக்குப் போகும் டார்க் கூடும் அல்லது குறையும். அது எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு என்பதை மாற்றாது.

உதாரணத்துக்கு 3.5 ரேஷியோவை எடுத்துவிட்டு 4.1 போட்டால், சக்கரத்துக்குப் போகும் டார்க் சுமார் 17 சதவீதம் கூடும். டயர் ஏற்கெனவே வழுக்கிக்கொண்டிருந்தால், இனி இன்னும் அதிகமாக வழுக்கும், அவ்வளவுதான். நெடுஞ்சாலையிலும் விலை கொடுக்க வேண்டும். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயருடன், டாப் கியர் 1:1 என்று இருக்கும் காரில், 100 கி.மீ. வேகத்தில் சுமார் 3,100 ஆர்.பி.எம்-ல் ஓடிய இன்ஜின் இனி சுமார் 3,600-ல் ஓட வேண்டும். சத்தமும் பெட்ரோல் செலவும் கூடும்.

என் காருக்கு இது தேவையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியது தரையை. பந்தயத் தடத்தில் ஒரு முறை நன்றாகக் கிளம்பிப் பார்த்துவிட்டு, டயர் விட்டுப்போன கறுப்புக் கோடுகளை எண்ணுங்கள்.

ஒரே ஒரு கோடு என்றால், ஒரு சக்கரம் வீணாகச் சுற்றுகிறது, மற்றது சும்மா இருக்கிறது. இங்கே எல்.எஸ்.டி. நிச்சயம் உதவும்.

இரண்டு கோடுகள் என்றால், இரண்டு டயர்களும் தங்கள் எல்லையைத் தாண்டிவிட்டன. டிஃப்பரன்ஷியல் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. இங்கே தேவை நல்ல டயர், சரியான காற்றழுத்தம், சஸ்பென்ஷன் வேலை அல்லது கிளட்ச்சை இன்னும் பக்குவமாக விடும் பழக்கம்.

கோடே இல்லை, கார் மெதுவாகத்தான் கிளம்புகிறது என்றால், பிரச்னை பிடிமானத்தில் இல்லை. இன்ஜின், கிளட்ச் பக்கம் பாருங்கள்.

டிராக் ரேஸில் முதல் 60 அடி, அதாவது சுமார் 18 மீட்டர், எடுத்துக்கொண்ட நேரத்தைத் தனியாகக் கணக்கிடுவார்கள். மாற்றத்துக்கு முன்பும் பின்பும் இந்த நேரத்தை ஒப்பிட்டால் போதும். கொடுத்த காசுக்கு வேலை நடந்ததா இல்லையா என்று அந்த எண்ணே சொல்லிவிடும்.

மாற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960-களில் உருவானது. லேத், கியர் கட்டிங், ஹீட் ட்ரீட்மென்ட் வேலை தெரிந்த கைகள் இந்தப் பகுதியில் நிறைய உண்டு. பக்கத்திலேயே ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் தயாராகும் டாங்கிகளும், இடது வலது சங்கிலிகளை வெவ்வேறு வேகத்தில் ஓட்டித்தான் திரும்புகின்றன. ஆக, திறமைக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால், டிஃப்பரன்ஷியல் வேலை 'குத்துமதிப்பாக' செய்யக்கூடியது அல்ல.

கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியை டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும். அளவு எவ்வளவு என்பது தயாரிப்பாளரின் மேனுவலில் இருக்கும். பற்களில் மார்க்கிங் பேஸ்ட் தடவிச் சுற்றிப் பார்த்து, பல்லின் நடுவில் அச்சு விழுகிறதா என்று சரிபார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் மூடினால், முதலில் 'ஊ' என்று ஊளைச் சத்தம் வரும், பிறகு பல் உடையும்.

பிளேட் வகை என்றால், அதற்கென்று உள்ள ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். சாதாரண கியர் ஆயில் ஊற்றினால் தட்டுகள் விட்டுவிட்டுப் பிடித்து, திரும்பும்போது கடகடவென்று சத்தம் கேட்கும்.

அடுத்தது ஆக்ஸில் ஷாஃப்ட். ஓப்பன் டிஃப்பரன்ஷியல் ஒரு வகையில் வீட்டு ஃபியூஸ் மாதிரி. ஒரு டயர் வழுக்கியதும் விசை அங்கேயே குறைந்துவிடுவதால், ஷாஃப்ட் தப்பிக்கும். சக்கரங்களைப் பூட்டிவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். மொத்த டார்க்கும் ஒரே ஷாஃப்ட்டில் இறங்கலாம். டிஃப்பரன்ஷியலை மட்டும் பலமாக்கிவிட்டு, பழைய ஷாஃப்ட்டை அப்படியே விட்டால், அடுத்து உடையப்போவது அதுதான். சில வண்டிகளில் ஷாஃப்ட் உடைந்தால் சக்கரமே கழன்று வெளியே வந்துவிடும்.

முன் சக்கர இயக்க காராக இருந்தால், கியர்பாக்ஸை முழுவதுமாக இறக்க வேண்டும். எல்.எஸ்.டி. போட்ட பிறகு, வேகமாகக் கிளம்பும்போது ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கலாம். இரண்டு கைகளாலும் பிடித்தே ஓட்ட வேண்டியிருக்கும்.

அந்த வண்டியைத் தினமும் சாலையில் ஓட்டலாமா?

நல்ல ஹெலிக்கல் எல்.எஸ்.டி. என்றால் சாலையிலும் சாதுவாகவே நடந்துகொள்ளும். பல நிறுவனங்கள் தங்கள் வேகமான கார்களில் தாங்களே பொருத்தி விற்கின்றன.

ஸ்பூல், வெல்ட் இரண்டும் சாலைக்கு ஆகாது. ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த 2.36 மீட்டர் வித்தியாசம் டயரைத் தேய்த்துத்தான் தீரும். கார் திரும்ப மறுத்து நேராகப் போகப் பார்க்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த வளைவில், இரண்டு பின் சக்கரங்களும் ஒரே நேரத்தில் பிடிமானத்தை விட்டுவிட்டால், வண்டியின் பின்பக்கம் சுழன்று முன்னால் வந்துவிடும். அந்த நேரத்தில் பக்கத்தில் பைக்கில் போகிறவருக்கு உங்கள் டிஃப்பரன்ஷியல் பற்றி எதுவும் தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி-யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதில் இருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, 182ஏ பிரிவின் கீழ், உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். "உள்ளே இருக்கிற பாகம்தானே, யாருக்குத் தெரியும்" என்று ஷெட்டில் சொல்வதை நம்பாமல், டிஎன்-12 பூந்தமல்லியோ டிஎன்-13 அம்பத்தூரோ, உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

பொது இடத்தில் அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ரேஸ் விடுவது 189-வது பிரிவின் கீழ் குற்றம். முதல் முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மீண்டும் சிக்கினால் ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

வழக்கமான வாகனக் காப்பீட்டில் ரேஸ், வேகச் சோதனை ஆகியவற்றுக்கு இடமில்லை என்பதையும் மறக்க வேண்டாம். விபத்து நடந்தால், இழப்பீட்டுச் சுமை குடும்பத்தின் தலையில் வந்து விழலாம்.

அப்படியானால் எங்கே ஓட்டுவது?

வண்டலூரில் இருந்து நசரத்பேட்டை, நெமிலிச்சேரி வழியாக மீஞ்சூர் வரை சுமார் 62 கி.மீ. நீளும் வெளிவட்டச் சாலை, இரவில் பார்க்க டிராக் ஸ்ட்ரிப் போலத்தான் தெரியும். ஆனால், 120 கி.மீ. வேகத்தில் ஒரு கார் நொடிக்கு 33 மீட்டர் ஓடுகிறது. விளக்கில்லாமல் ஓரம் கட்டிய லாரியோ, குறுக்கே வரும் மாடோ, கண்ணில் பட்டு மூளைக்கு எட்டுவதற்குள் 40, 50 மீட்டர் போயிருக்கும். சாலை ஓரத்து மணலில் ஒரு பக்கச் சக்கரம் ஏறினால், பூட்டிய டிஃப்பரன்ஷியல் காரை ஒரு பக்கமாகத் திருப்பிவிடலாம்.

இதற்கு மாற்று நம் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், முதலில் சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர் கால விமான ஓடுதளத்தில்தான் பந்தயங்களை நடத்தியது. 1990-ல் இருந்து, பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்கு முன்பே வரும் இருங்காட்டுக்கோட்டையில் அதற்குச் சொந்தமான பந்தயத் தடம் இருக்கிறது. பைக்குகளுக்கான தேசிய டிராக் பந்தயங்கள் இங்கே நடந்துள்ளன. கார்களுக்கான நிகழ்ச்சி எப்போது, என்ன உரிமம் வேண்டும், எந்த மாற்றத்துக்கு எந்தப் பிரிவில் அனுமதி என்பதை கிளப்பிடமும், தேசிய அமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ-யின் விதிகளிலும் பார்த்துவிட்டு, அதன் பிறகு பாகத்தை வாங்குங்கள். வாங்கிய பாகத்துக்கு அந்தப் பிரிவில் இடமில்லை என்றால், காசு போனதுதான்.

சுருக்கமாக...

முதலில் நல்ல டயரும் சரியான காற்றழுத்தமும். அடுத்து சஸ்பென்ஷன், கிளட்ச். அதன் பிறகும் தரையில் ஒரே கோடுதான் விழுகிறது என்றால் எல்.எஸ்.டி., கூடவே பலமான ஆக்ஸில் ஷாஃப்ட். சாலையிலும் ஓட்டப்போகிற கார் என்றால் ஹெலிக்கல் வகையைப் பாருங்கள். டிரெய்லரில் ஏற்றி, பந்தயத் தடத்துக்கு மட்டுமே கொண்டுபோகிற வண்டி என்றால் மட்டும் ஸ்பூல். வெல்ட் அடிப்பதை மறந்துவிடுங்கள்.

"டிஃப்ப மாத்திடு தம்பி" என்று அடுத்த முறை யாராவது சொன்னால், திருப்பி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, கோடு ஒண்ணா, ரெண்டா?"